ஒன்பது நிமிட மருந்து: இதயத்தின் வேகத்தை அடக்குவது குறித்துச் சில குறிப்புகள்

மருந்து உடம்பில் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு நல்லது என்பது மருந்துக் கம்பெனிகளின் பழைய கணக்கு. நாளைக்கு நாலு வேளை என்பதை இரண்டாக்கு, இரண்டை ஒன்றாக்கு. நோயாளி மறக்கமாட்டான், வியாபாரமும் நிற்காது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ‘அமெரிக்கன் கிரிட்டிகல் கேர்’ என்ற கம்பெனியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1982இல் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள். இதயத்தின் வேகத்தைக் குறைக்கிற மருந்து ஒன்று வேண்டும். ஆனால் அது உடம்பில் நிற்கக்கூடாது. ஊசிக்குழாயை மூடிய சில நிமிடங்களில் அது இருந்த தடமே தெரியாமல் போய்விட வேண்டும். அபாய நிலையில் உள்ள நோயாளிக்கு இப்படியான மருந்துதான் பொருத்தம் என்று அவர்கள் ஒரு முன்மொழிவையே வெளியிட்டார்கள். அதிலிருந்து வந்த எஸ்மொலால் என்ற மருந்தின் அரை ஆயுள் ஒன்பது நிமிடம்.

நிலைத்து நிற்பதற்காக அல்லாமல் மறைவதற்காகவே ஒரு பொருளைச் செய்வது என்றால் என்ன அர்த்தம்? செய்தவர்களுக்கே அதன்மேல் பயம் இருந்தது என்று அர்த்தம். பீட்டா தடுப்பான்களின் வரலாற்றை வெற்றிக் கதையாகச் சொல்லும் நூல்கள் நிறைய இருக்கின்றன. அதே வரலாற்றை இந்தப் பயத்தின் பக்கமிருந்து வாசித்தால் வேறு சில விஷயங்கள் தட்டுப்படுகின்றன. மருந்தைத் திரும்பப் பெற முடியும் என்பது, ‘இந்த வேகத்தை அடக்கலாமா’ என்ற கேள்வியைத் தீர்த்துவைக்கவில்லை. அதை ஒத்திப்போட மட்டுமே உதவியது. இதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் வேகம் என்பதையே கொஞ்சம் பிரித்துப் பார்த்துக்கொள்வோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதைத் தாண்டினால் ‘நெஞ்சு படபடங்குது’ என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது இரண்டு வெவ்வேறு சங்கதிகள் கிடக்கின்றன. ஒன்று, இதயத்தின் மின்னோட்டத்திலேயே ஏற்படும் கோளாறு. உதாரணமாக ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்ற நிலையில் இதயத்தின் மேலறைகள் நிமிடத்துக்கு 350, 400, சில சமயம் அதற்கும் மேலாக ஒழுங்கில்லாமல் நடுங்குகின்றன. அத்தனையும் கீழறைகளுக்குப் போய்ச் சேர்ந்தால் ஆள் தப்ப முடியாது. நடுவில் ஏ.வி. கணு என்றொரு வாசல் இருக்கிறது. அது எல்லாவற்றையும் உள்ளே விடாது. விட்டது போக கீழறைகள் 120, 150 என்று ஓடும். அப்படி ஓடும்போது ரத்தம் நிரம்ப நேரம் கிடைக்காது. நிரம்பாததைத் தள்ள முடியாது.

இன்னொன்று, உடம்பு கேட்பதால் இதயம் ஓடும் ஓட்டம். ரத்தம் இழந்தவருக்கு, காய்ச்சல்காரருக்கு, வலியில் துடிப்பவருக்கு, கிருமித்தொற்று ரத்தத்தில் பரவியவருக்கு இதயம் வேகமாகத்தான் ஓடும். ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியேறும் ரத்தம் குறைந்துபோனால் துடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டித்தானே ஈடுகட்ட முடியும்? முதல் வகையில் வேகமே துன்பம். இரண்டாவதில் வேகம் என்பது துன்பத்துக்கு உடம்பு தரும் பதில். கருவியின் திரையில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். 140 என்றால் 140தான்.

பீட்டா தடுப்பான் என்ன செய்கிறது? அட்ரினலினும் அதன் உறவுக்காரப் பொருட்களும் இதயத்தில் போய் அமரும் இடத்தில் தான் போய் அமர்ந்துகொள்கிறது. விரட்டும் குரல் இதயத்துக்குக் கேட்காமல் செய்கிறது. ஏ.வி. கணுவின் வாசலை இறுக்குகிறது. மேலறையின் நடுக்கத்தை அது பெரும்பாலும் நிறுத்துவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கலகம் மேலே நடந்துகொண்டேதான் இருக்கும். கீழே வரும் சத்தம் குறையும். பிரிட்டனில் வில்லியம் விதரிங் 1785இல் எழுதிவைத்த டிஜிடாலிஸ் செடியும் வேறொரு பாதை வழியாக இந்த வாசலைத்தான் இறுக்கியது. ஆனால் அது வேலைசெய்ய மணிக்கணக்காகும். அட்ரினலின் பொங்கிக்கொண்டிருக்கும் உடம்பில் அதன் பேச்சு அவ்வளவாக எடுபடுவதுமில்லை.

சரி, ‘அட்ரினலின் அமரும் இடம்’ என்றொன்று இருப்பதாக யார் சொன்னது? ரேமண்ட் ஆல்குவிஸ்ட் என்ற அமெரிக்க மருந்தியலாளர். ஜார்ஜியாவில் வேலை பார்த்தவர். மாதவிடாய் வலிக்குக் கருப்பையைத் தளர்த்துகிற மருந்து ஒன்றைத் தேடப்போய், ஆறு வேதிப்பொருட்களைப் பல உறுப்புகளின்மேல் செலுத்திப் பார்த்தார். எந்த உறுப்பில் எது அதிகம் வேலைசெய்கிறது என்று வரிசைப்படுத்தியபோது இரண்டே இரண்டு வரிசைகள்தான் திரும்பத் திரும்ப வந்தன. ஆகவே இரண்டு வகை ஏற்பிகள் இருந்தாக வேண்டும் என்று முடிவுகட்டி ஆல்ஃபா, பீட்டா என்று பெயர் வைத்தார். மருந்தியல் துறையின் முக்கிய இதழ் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. 1948இல் அது ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசியாலஜி’யில் வந்தது. அதன்பிறகும் பத்து வருஷம் போல யாரும் அதைச் சட்டைசெய்யவில்லை.

இதில் நம்போன்றவர்களுக்கு ருசிக்கக்கூடிய விஷயம் வேறு. ஏற்பி என்பதை ஆல்குவிஸ்ட் கண்ணால் பார்த்ததில்லை. திசுக்களின் நடத்தையை விளக்குவதற்காகக் கற்பித்துக்கொண்ட ஒரு கருத்து அது என்றே பின்னாளிலும் சொல்லிக்கொண்டிருந்தார். அதாவது குறிப்பான் முதலில் வந்தது. குறிக்கப்படும் பொருள் நாற்பது வருஷம் கழித்துத்தான் கைக்கு அகப்பட்டது. பீட்டா ஏற்பிகளில் ஒன்றின் மரபணுவை லெஃப்கோவிட்ஸ் குழுவினரும் மெர்க் கம்பெனி ஆய்வாளர்களும் சேர்ந்து பிரித்தெடுத்தது 1986இல். அதற்குள் அந்தக் ‘கருத்தை’ அடைக்கும் மருந்துகளை லட்சக்கணக்கானவர்கள் விழுங்கியாகிவிட்டது. எல்லாமே மொழிக்குள்தான் கட்டப்படுகிறது என்று நாம் அடிக்கடி எழுதுகிறோம். இங்கே ஒரு கட்டமைப்பு மாத்திரையாகி, மாத்திரை உயிரையும் காப்பாற்றியிருக்கிறது. கட்டமைப்பு என்றதும் பொய் என்று படிக்கிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

முதல் பீட்டா தடுப்பான் 1958இல் எலி லில்லி கம்பெனியில் தற்செயலாகக் கிடைத்தது. அவர்கள் தேடியது மூச்சிரைப்புக்கான மருந்து. கிடைத்ததை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. செய்யத் தெரிந்தவர் ஜேம்ஸ் பிளாக். ஸ்காட்லாந்துக்காரர். படிப்புக்கடனை அடைப்பதற்காக காலனிய சிங்கப்பூரில் சில வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவர். 1958இல் பிரிட்டனின் ஐசிஐ கம்பெனியில் சேர்ந்தார். மார்வலிக்கு அன்றைய வைத்தியம் முழுக்க இதயத்துக்குப் போகும் ரத்தத்தைக் கூட்டுவதைப் பற்றியதாக இருந்தது. பிளாக் கேள்வியைத் திருப்பிப்போட்டார்: வரத்தைக் கூட்ட முடியவில்லை என்றால் தேவையைக் குறைத்தால் என்ன? இதயத்தை மெதுவாக ஓடச்சொன்னால் அது கேட்கும் ஆக்சிஜனும் குறையுமே. அவருடைய குழு செய்த முதல் மருந்தான புரோனெத்தலால் எலிகளுக்குக் கட்டி உண்டாக்கியது, கைவிடப்பட்டது. அடுத்து வந்த புரோப்ரனலால் 1960களின் நடுவில் உலகம் முழுக்கப் பரவியது. 1988இல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

புரோப்ரனலாலோடு நம் நாட்டு மருந்து அரசியலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பம்பாயின் சிப்லா கம்பெனி அதைத் தயாரிக்க இறங்கியபோது ஐசிஐ இந்திய அரசிடம் போய் முறையிட்டது என்று யூசுப் ஹமீது பலமுறை சொல்லியிருக்கிறார். 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 1972இல் நடைமுறைக்கு வந்தபின் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டுமே என்றாயிற்று. 2005இல் அந்தக் கதவு மறுபடி சாத்தப்பட்டது வரை இந்தியா மலிவு மருந்துகளின் பட்டறையாக வளர்ந்ததற்கு அந்தச் சட்டம் முக்கியக் காரணம். காட், டிரிப்ஸ் விவாதங்களில் எய்ட்ஸ் மருந்துகளைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசினோம். அந்தச் சண்டையின் ஆரம்ப அத்தியாயத்தில் இருந்தது இந்த இதய மருந்து.

இனி பயத்துக்கு வருவோம். பீட்டா தடுப்பானை யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதைப் பட்டபிறகுதான் கற்றுக்கொண்டார்கள். ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழல் இறுகியது. இதயம் ஏற்கெனவே தளர்ந்திருந்தவர்களில் சிலருக்கு, இழுத்துப்பிடித்து ஓடிக்கொண்டிருந்த அந்தக் கடைசி வேகமும் போய் நிலைமை மோசமானது. நுரையீரலைத் தொடாமல் இதயத்தை மட்டும் தொடுவதற்காக ஐசிஐ 1970இல் பிராக்டொலாலைக் கொண்டுவந்தது. நாலைந்து வருஷத்தில் அதை உட்கொண்ட சிலருக்குக் கண் வறண்டு பார்வை பறிபோனது. சிலருக்கு வயிற்றுச் சவ்வு தடித்து இறுகியது. விலங்குச் சோதனைகள் எதுவும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. மாத்திரை திரும்பப் பெறப்பட்டது. உடம்பில் ஏற்பட்ட சேதத்தை யாரால் திரும்பப் பெற முடியும்?

அதேசமயம் எதிர்த்திசையிலிருந்தும் ஓர் இழுப்பு இருந்தது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும் அந்த மணிநேரங்களில் இதயத்தின் தேவையைக் குறைத்தால் செத்துப்போகும் தசையின் அளவையும் குறைக்கலாம் என்று 1970களின் தொடக்கத்தில் யூஜீன் பிரான்வால்டும் சகாக்களும் நாய்களில் காட்டினார்கள். ஆசை காட்டுகிற செய்திதான். ஆனால் மாரடைப்பு வந்தவருக்கு ரத்த அழுத்தம் எப்போது சரியும் என்று யாருக்குத் தெரியும்? புரோப்ரனலாலின் அரை ஆயுள் மூன்று முதல் ஆறு மணி நேரம். ஊசியைப் போட்டபின் நோயாளி சரியத் தொடங்கினால் டாக்டர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். கொடுக்கவும் வேண்டும், கொடுத்ததை எடுக்கவும் வேண்டும். இல்லினாய் ஆய்வாளர்களின் முன்மொழிவு பிறந்த சந்து இதுதான்.

பால் எர்ஹார்ட் முதலான வேதியியலாளர்கள் செய்த வேலை அலாதியானது. பொதுவாக மருந்து வேதியியலாளரின் கெட்டிக்காரத்தனம் தன் மூலக்கூறை ஈரலின் கத்தியிலிருந்து ஒளித்துவைப்பதில்தான் இருக்கும். இவர்கள் கத்தி எளிதாக விழுவதற்கு ஓர் இடத்தை மூலக்கூறுக்குள்ளேயே வைத்துக் கட்டினார்கள். எஸ்டர் என்ற பிணைப்பு அமிலமும் ஆல்கஹாலும் கைகோத்து உண்டாவது. அதை வெட்டுகிற நொதிகள் உடம்பில் எங்கும் உண்டு. ஆனால் எஸ்டரை எங்கே வைப்பது? மூலக்கூறின் வளையத்தோடு ஒட்டி வைத்தால் நொதி நெருங்க இடமில்லை. இரண்டு கார்பன் தள்ளி, ஒரு வால்போல நீட்டிவைத்தபோது காரியம் கைகூடியது. வெட்டுகிற நொதி சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. இதன் அருமையைப் பாருங்கள்: அபாய நிலையில் கிடப்பவரின் ஈரலும் சிறுநீரகமும் ஓய்ந்திருக்கலாம், ஆனால் ரத்தம் ஓடுகிற வரைக்கும் மருந்தை முடித்துவைக்கும் ஆளும் கூடவே ஓடிக்கொண்டிருப்பான். வெட்டுப்பட்டு மிஞ்சுகிற அமிலத்துக்குத் தடுக்கும் வலு ஏறக்குறைய கிடையாது. இப்படித் தன் முடிவைத் தன்னோடு எடுத்துவரும் மருந்துகளுக்கு நிக்கோலஸ் போடோர் என்ற ஹங்கேரிய வேதியியலாளர் ‘மென்மருந்து’ என்று பொருள்படும் ஒரு பெயரையும் அந்தக் காலத்தில்தான் வைத்திருந்தார்.

கணக்கு இதுதான். உடல் எடை ஒரு கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் வீதம் ஒரு நிமிடத்தில் முதல் மருந்து. பிறகு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் என்று டிரிப்பில் ஓட வேண்டும். 60 கிலோ ஆள் என்றால் முதலில் 30 மில்லிகிராம், பிறகு நிமிடத்துக்கு 3 மில்லிகிராம். போதவில்லை என்றால் படிப்படியாகக் கூட்டலாம். நிறுத்தினால் 9 நிமிடத்தில் பாதி, 18இல் கால், 27இல் அரைக்கால். இருபது முப்பது நிமிடத்தில் இதயம் பழைய குரலைக் கேட்கத் தொடங்கிவிடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1986இன் கடைசியில் இதை அனுமதித்தது. அதே 1986இல் வந்த ஐசிஸ்-1 என்ற ஆய்வில் 16,027 மாரடைப்பு நோயாளிகளில் பாதிப்பேருக்கு அட்டெனலால் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் வாரத்தில் இதய ரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் மருந்து பெறாதவர்களில் 4.57 சதம், பெற்றவர்களில் 3.89 சதம். நிற்கிற மருந்தே பலன் தருகிறது என்றால் மறைகிற மருந்துக்கு என்ன அவசரம் என்று கேட்டவர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. எஸ்மொலால் அறுவைக்கூடத்துக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் உரிய சிறப்பு மருந்தாக ஒதுங்கியது. அறுவை முடிந்து கண்விழிக்கையில் எகிறும் துடிப்பு, திடீரென்று பிய்த்துக்கொண்டு ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இவைதான் அதன் களம்.

ஐசிஸ் ஆய்வின் ஆறுதல் 2005 வரைதான். சீனாவின் 1250 மருத்துவமனைகளில் 45,852 மாரடைப்பு நோயாளிகளை வைத்து நடந்த காமிட் ஆய்வு மெட்டோப்ரொலாலை முதலில் ஊசியாகவும் பிறகு மாத்திரையாகவும் கொடுத்துப் பார்த்தது. ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் ஐந்து பேருக்கு மறு மாரடைப்பு தவிர்க்கப்பட்டது. ஐந்து பேருக்குக் கீழறை நடுங்கி இதயம் நிற்பது தவிர்க்கப்பட்டது. ஆனால் பதினோரு பேர் கூடுதலாக இதய அதிர்ச்சிக்குள் விழுந்தார்கள். கூட்டிக்கழித்தால் சாவில் வித்தியாசமில்லை. மூன்று வருஷம் கழித்து வந்த பாய்ஸ் ஆய்வு இதயம் அல்லாத அறுவைக்குப் போகும் 8351 பேரைப் பார்த்தது. நின்று வேலைசெய்யும் மெட்டோப்ரொலாலைப் பெற்றவர்களுக்கு மாரடைப்பு குறைந்தது. சாவும் பக்கவாதமும் கூடின. இறந்தவர்கள் 3.1 சதம், மருந்தில்லாதவர்களில் 2.3 சதம். சராசரியில் ஒன்றுக்கொன்று சரிக்கட்டிப் போவது சராசரிக்குத்தான் ஆறுதல்; அந்தப் பதினோரு பேருக்கு அல்ல. நிற்கிற மருந்தின் மேல் 1982இல் இருந்த பயம் வீண்பயம் இல்லை என்பது இப்படி எண்ணிக்கையாகவே பதிவானது.

ஆகவே மறைகிற மருந்துதான் விடை என்று முடித்துவிடலாமா? விஷயம் அவ்வளவு லேசில்லை. ஒன்பது நிமிட மருந்து தனியாக வருவதில்லை. அது வரும்போது துல்லியமாகச் சொட்டுவிடும் பம்பு, துடிப்பையும் அழுத்தத்தையும் விடாமல் காட்டும் கருவி, அதைப் பார்த்துக்கொண்டே நிற்க ஓர் ஆள், இத்தனையும் சேர்ந்தே வர வேண்டும். பாதுகாப்பு மூலக்கூறுக்குள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அது பாதி மூலக்கூறில் இருக்கிறது, பாதி அந்த நர்ஸின் கண்ணில் இருக்கிறது. அழுத்தம் சரிவதை ஒருவர் பார்த்தால்தான் டிரிப்பை நிறுத்த முடியும்; பார்க்க ஆளில்லாத வார்டில் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். கண்காணிப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் பூக்கோவின் சிறைக்கூடத்துக்கு ஓடிவிடுவது நம் வழக்கம். இங்கே படுத்துக்கிடப்பவரின் கோரிக்கை தன்னைக் கண்காணியுங்கள் என்பதுதான். ஒரு நர்ஸுக்கு எத்தனை படுக்கை என்பதே இந்த மருந்தின் அரை ஆயுளைப் போல முக்கியமான எண். அதை மருந்துப்பெட்டியின் மேல் யாரும் அச்சடிப்பதில்லை.

கண் தவறினால் என்னவாகும் என்பதற்கு இந்த மருந்தின் வரலாற்றிலேயே சான்று உண்டு. எஸ்மொலால் 10 மில்லி குப்பியில் இரண்டு விதமாக வந்தது. ஒன்றில் 100 மில்லிகிராம், அப்படியே ஏற்றலாம். இன்னொன்றில் 2500 மில்லிகிராம், கலக்கிய பிறகே ஏற்ற வேண்டும். அளவு ஒன்றுதான், வலு இருபத்தைந்து மடங்கு. 60 கிலோ ஆளுக்கான முதல் மருந்தைப்போல எண்பது மடங்குக்கும் மேல் அந்தச் சின்னக் குப்பிக்குள் இருந்தது. கலக்குவதில் நேர்ந்த பிழைகளால் சிலர் இறந்தார்கள், சிலர் நிரந்தரமாக ஊனமானார்கள் என்பதை அமெரிக்காவில் மருந்தோடு வரும் குறிப்பே ஒப்புக்கொள்கிறது. ஒன்பது நிமிடத்தில் பாதியாகும் என்பது உண்மைதான். எண்பது மடங்கில் பாதி நாற்பது மடங்கு. அந்த ஒன்பது நிமிடம் இதயம் காத்திருக்காது. பிறகு கலந்து தயாராக உள்ள பைகள் வந்தன. நடுராத்திரியில், அவசரத்தில், ஒரே மாதிரி இரண்டு குப்பிகளிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டியவரின் நிலையை யோசித்தவர்கள் அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

அதே குறிப்பில் இன்னொரு சொல் இருக்கிறது. நான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியதே அதனால்தான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போன்றவற்றுக்கு எஸ்மொலாலைப் பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட்டு, இயல்பான தடத்திலேயே வேகமாக ஓடும் இதயத்துக்கும் கொடுக்கலாம் என்கிறது. ஆனால் அந்த வேகம் ‘ஈடுகட்டாத’ வேகமாக இருக்க வேண்டுமாம், குறுக்கிட வேண்டும் என்று டாக்டர் கருத வேண்டுமாம். மொத்தப் பிரச்சினையும் இந்த ஒற்றை அடைமொழிக்குள் பொதிந்து வைக்கப்பட்டிருக்கிறது. எந்த வேகம் ஈடுகட்டுகிறது, எந்த வேகம் வீணாக ஓடுகிறது? அதைக் காட்டும் கருவி இல்லை. 140க்கு முகம் கிடையாது.

ஜார்ஜ் கங்கிலெம் 1943இல் எழுதிய ஆய்வேட்டில், இயல்பு என்பது சராசரி அல்ல என்று வாதிட்டார். மாறிய சூழலுக்கு ஏற்பத் தனக்கொரு புதிய நியதியை உண்டாக்கிக்கொள்ள முடிகிற உடம்புதான் ஆரோக்கியமானது. நோயும்கூட ஒரு நியதிதான், குறுகிப்போன நியதி. பூக்கோவுக்கு வாத்தியார் போன்றவர் இவர். நம்மிடையே பூக்கோ வந்த அளவுக்கு இவர் வரவில்லை என்பது ஒரு குறைதான். செப்டிக் ஷாக்கில் கிடப்பவரின் 120 துடிப்பை இந்தக் கண்ணோடு பார்த்தால் அது கோளாறாக இருக்கலாம். அந்த உடம்பு தனக்காகக் கண்டுபிடித்துக்கொண்ட கடைசி ஏற்பாடாகவும் இருக்கலாம். தெருவில் கூடிய கூட்டத்தைப் பார்த்ததும் ‘சட்டம் ஒழுங்குப் பிரச்சினை’ என்று எழுதிவிடுகிற அதிகாரிக்கு, அவர்கள் எதற்காகக் கூடினார்கள் என்பது இரண்டாம்பட்சம். எண்ணிக்கையைக் கலைத்தால் போதும்.

இதை இருபத்தோராம் நூற்றாண்டில் சோதித்தே பார்த்தார்கள். 2013இல் ரோமில் ஒரே மருத்துவமனையில் மொரெல்லி குழுவினர் செப்டிக் ஷாக் நோயாளிகள் 154 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப்பேரின் துடிப்பை எஸ்மொலால் கொண்டு 80க்கும் 94க்கும் இடையில் நிறுத்தினார்கள். 28 நாளில் இறந்தவர்கள் எஸ்மொலால் பெற்றவர்களில் 49.4 சதம், பெறாதவர்களில் 80.5 சதம். ஆய்வின் முதன்மைக் கேள்வி சாவைப் பற்றியதே அல்ல, துடிப்பு குறைகிறதா என்பதுதான். என்றாலும் உலகம் கண்ணை அகல விரித்தது இந்தச் சாவுக் கணக்கைப் பார்த்து. பத்தில் எட்டுப்பேர் இறக்கும் ஒப்பீட்டுக் குழு இயல்பானதுதானா என்ற சந்தேகமும் கூடவே எழுந்தது.

இதற்கிடையில் ஜப்பானின் ஓனோ கம்பெனி எஸ்மொலாலின் தம்பி ஒன்றை உருவாக்கியிருந்தது. லாண்டியொலால் அதன் பெயர். 2002இல் அங்கே அனுமதி பெற்றது. அரை ஆயுள் நாலு நிமிடம்தான். இதயத்தின் ஏற்பியை மட்டும் தேடிப்பிடிப்பதில் எஸ்மொலாலை விடப் பலமடங்கு கெட்டி. ரத்த அழுத்தத்தை அவ்வளவாகச் சரிப்பதில்லை என்பது அதற்கான பரிந்துரை. இதயம் தளர்ந்திருப்பவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தால் என்ன செய்வது என்பதை 2013இல் வந்த ஜே-லாண்ட் ஆய்வு கேட்டது. சில மணி நேரத்தில் துடிப்பு வேண்டிய அளவுக்கு இறங்கியவர்கள் லாண்டியொலாலில் 48 சதம், பழைய டிஜாக்சினில் 13.9 சதம். முதல் வகை வேகத்தில், அதாவது வேகமே துன்பமாக இருக்கும் இடத்தில், இந்த மருந்துகளின் உபயோகத்தை மறுக்க முடியாது. எதிர்ப்பு என்ற பெயரில் நவீன மருத்துவத்தையே மொத்தமாகத் தூக்கிக் கடாசுகிற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. மூச்சுவாங்கிக்கொண்டு 160இல் ஓடும் இதயத்தோடு வந்தவரிடம் கங்கிலெமைப் படித்துக்காட்ட முடியாது.

இரண்டாம் வகையில்தான் சிக்கல். 2020இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று செப்சிஸ் நோயாளிகளுக்கு லாண்டியொலால் கொடுத்தது. அதன் முதன்மைக் கேள்வி என்ன தெரியுமா? 24 மணி நேரத்தில் எத்தனை பேரின் துடிப்பு 60க்கும் 94க்கும் இடையில் வந்தது என்பது. 55 சதம் பேருக்கு வந்தது. மருந்தில்லாதவர்களில் 33 சதம். துடிப்பைக் குறைக்கும் மருந்து துடிப்பைக் குறைக்கிறது என்று நிரூபணமாயிற்று! இறந்தவர்களின் விகிதத்தில் உறுதியாகச் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. எண்ணை நோய் என்று வைத்துக்கொண்டால் எண் இறங்கினாலே குணம்தான்.

பிரிட்டனில் 40 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஸ்ட்ரெஸ்-எல் ஆய்வு வேறு கேள்வியைக் கேட்டது: உறுப்புகள் பிழைக்கின்றனவா? நார் அட்ரினலினை ஒரு நாளுக்கு மேல் பெற்றுக்கொண்டிருந்த, துடிப்பு 95 அல்லது அதற்கு மேல் இருந்த 126 பேரைச் சேர்த்த நிலையில், தீங்கு நேர்வதற்கான அறிகுறி தெரிகிறது என்று கண்காணிப்புக் குழு சொன்னதால் ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. 2023இல் முடிவு வந்தது. உறுப்புகளின் நிலையில் முன்னேற்றமில்லை. 28 நாளில் லாண்டியொலால் பெற்றவர்களில் இறந்தவர்கள் 37.1 சதம், பெறாதவர்களில் 25.4 சதம். சின்ன ஆய்வு, தற்செயலாகவும் இருக்கலாம் என்று சொல்ல இடமிருக்கிறது. ஆனால் ஒன்று. இங்கே கொடுக்கப்பட்டது நாலு நிமிட மருந்து. எந்த நிமிடத்திலும் திரும்பப் பெறக்கூடியது. பம்பும் இருந்தது, திரையும் இருந்தது, பார்க்க ஆளும் இருந்தார்கள். மருந்து வேண்டிய வேலையைச் செய்து துடிப்பையும் இறக்கியது. திரும்பப் பெறுவதற்கான சமிக்ஞை எது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. எண் நன்றாக இருக்கும்போது எதற்காக டிரிப்பை நிறுத்துவார்கள்?

இந்த ஆய்வு முடிவதற்கு முன்பே, 2020இல், ஜப்பான் லாண்டியொலாலை செப்சிஸில் வரும் வேகத்துடிப்புக்கும் அனுமதித்திருந்தது. தடம் மாறாமல் ஓடும் வேகமும் அதில் அடக்கம். அமெரிக்கா 2024 நவம்பரில் அதே மருந்தை அனுமதித்தபோது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளிட்ட மேலறை சார்ந்த மின்கோளாறுகளில் கீழறையின் வேகத்தைக் கொஞ்ச காலம் குறைப்பதற்கு என்பதோடு நிறுத்திக்கொண்டது. எஸ்மொலாலின் குறிப்பில் இருந்த ‘ஈடுகட்டாத’ என்ற அந்த அடைமொழி தம்பிக்கு வழங்கப்படவில்லை.